அம்மாவைப் பேசக் காத்திருந்த வீடு

விடுமுறைக்கு நுவரெலியாவில் வாடகை வீடு எடுத்துத் தங்குவோம் என்று முடிவு செய்த நாளிலிருந்து சைவச் சாப்பாட்டுக்கார அம்மாவுக்கு ஒரே கவலை. அந்த வீட்டுக் குசினி அடுப்பில் மீன் காய்ச்சியிருப்பார்களே! சட்டி புதுசா, கத்தி வேறா என்று எங்கள் ஊர் கொக்குவிலில் இருந்தபடியே என்னைப் போன் எடுத்து வீட்டுக்காரியிடம் திரும்பத் திரும்பக் கேட்க வைத்தார். வீட்டுக்காரி மலையகத்துத் தமிழ்ப் பெண். கடைசியில் அவர், "அம்மா வரட்டுங்க, நான் அவங்ககிட்ட பேசிக்கிறேன்" என்றார்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. பையில் வைத்த கம்பளிச் சட்டையை எடுத்து வெளியே போட்டார். பிறகு என்னிடமிருந்து போனைப் பறித்தார்.

"பிள்ளை, என்னை ஏன் பேசப்போறியள்? நான் என்ன பிழை விட்டனான்?"

அந்தப் பக்கம் குரல் தடுமாறியது. "பேசக்கூடாதுங்களாம்மா? எங்கம்மா தவறினதுல இருந்து வீட்டுல பேச ஆளில்லீங்க. உங்களுக்குன்னு புதுச் சட்டி வாங்கி வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பேசுவதென்றால் ஏசுவது. அவர் சொன்ன பேச்சை நாங்கள் கதைப்பது என்போம்.

நான் அதைச் சொன்னதும் அம்மா கம்பளிச் சட்டையை மறுபடி மடித்துப் பையில் வைத்தார்.

நுவரெலியாவில் வாசலிலேயே அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்தா வந்திட்டன். இனி என்னை ஆசை தீரப் பேசு, பிள்ளை."

இப்போதும் அங்கிருந்து அழைப்பு வரும். "அம்மா, உங்களுக்குப் பேச்சு விழப்போகுது" என்று கத்துவேன். அடுப்பில் இருப்பதையும் விட்டுவிட்டு ஓடிவருவார். ஏச்சு வாங்க இவ்வளவு ஆசையாக ஓடிவரும் ஒருவரை நான் வேறெங்கும் கண்டதில்லை.