ரெண்டு பக்கமும் ஒரே தாளில்

எந்தக் காகிதம் கைக்கு வந்தாலும் நகல் எடுத்து வைத்துவிடுவேன். ரேஷன் கார்டு, ஆதார், கேஸ் புத்தகம், டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டு, ஒன்றையும் விடுவதில்லை. ஏழாம் வகுப்பு முடித்துப் பள்ளி மாறும்போது என் டி.சி.யை அப்பா பேருந்தில் தொலைத்துவிட்டார். நகல் இல்லை. பழைய பள்ளிக்குப் போய் வேறொன்று வாங்கிவர அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. நான் தறிக்கூடத்தில் நூல் சுற்ற உட்கார்ந்தேன், உட்கார்ந்தவள்தான். அன்றிலிருந்து அடுத்து எது தொலையுமோ என்ற பயம் எனக்குக் கூடப் பிறந்தது மாதிரி ஆகிவிட்டது.

அதனால் ஏ.டி.எம். கார்டு வந்த அன்றும் நேராகத் தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குத்தான் போனேன். கடைக்கார அக்கா என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். நான் வாய் திறக்கும் முன்பே, "ரெண்டு பக்கமும் ஒரே தாள்லதான?" என்பாள். மற்ற இடங்களில் பேசத் தயங்கும் நான் அவள் கடையில் மட்டும் பேசிக்கொண்டே இருப்பேன். மிஷினுக்குள் பச்சை வெளிச்சம் போய்த் திரும்புவதைப் பார்த்தால் என் பொருளுக்கு யாரோ காவல் சுற்றுவது போல ஒரு நிம்மதி.

ஆடித்தபசு முடிந்து ஊர் ஓய்ந்து கிடந்த ஒரு மத்தியானம், நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. அடுத்து ஒன்று. அதன் பிறகு ஒன்று. எழுத்துக் கூட்டித்தான் இங்கிலீஷ் வாசிப்பேன். எண்ணுக்கு முன்னால் ரூபாய்க் குறி இல்லை. புழு நெளிந்த மாதிரி வேறு ஏதோ குறி. கடைசியில் மீதி எவ்வளவு என்று இருந்தது மட்டும் புரிந்தது. ஐப்பசி மழைக்கு முன் கூரையில் ஓடு மாற்ற வைத்திருந்ததில் பாதிக்கு மேல் இல்லை.

ஆச்சரியம், எனக்குப் படபடப்பே வரவில்லை. இத்தனை வருசம் எதிர்பார்த்த விருந்தாளி ஒருவழியாக வந்து சேர்ந்தது போல இருந்தது. தெரு முழுக்க ஓடும் தறிச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பது போல் தூரப் போய்விட்டது. நூல் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, எழுந்து அடுத்த தெருத் தறிக்கூடத்துக்கு நடந்தேன்.

"பணம் போச்சு!" என்று சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

அங்கே தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் தறியை நிறுத்தாமலே, "பிணமா? யாரு செத்தா?" என்றார்.

"பணம்! பேங்குப் பணம்!"

தறி நின்றது. "ஏட்டி, அந்தக் கார்டுக்குப் பின்னால ஒரு நம்பர் இருக்கும்லா, மொதல்ல அதுக்குப் போடு. அழுகைய அப்புறம் வச்சுக்கலாம்."

நான் அழவில்லை. அவர்தான் ரெண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதில் எண்ணைப் பிடித்தார். ஒரு பெண்குரல் ஒன்றை அழுத்து, ரெண்டை அழுத்து என்று நிதானமாகச் சொன்னது. கார்டை முடக்கியாயிற்று. சைபர் குற்றத்துக்கான உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்தோம்.

மறுநாள் காலை வங்கியில் ஒரே கூட்டம். அதிகாரி வெளியூர்ப் பெண், சின்ன வயசு. "உடனே சொன்னது நல்லதாப் போச்சும்மா. கார்டு நம்பர், தேதி, பின்னாடி இருக்கிற மூணு நம்பர், இதெல்லாம் தெரிஞ்சா போதும். சில வெளிநாட்டு வெப்சைட்ல ஓ.டி.பி. கூடக் கேக்க மாட்டாங்க. கார்டை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

"ஜெராக்ஸ் கடை அக்காட்ட மட்டுந்தான் குடுத்தேன் மேடம்."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் வேறு முகம் எதுவும் மனதில் எழவில்லை. எனக்குப் பின்னால் பாஸ்புக்கோடு நின்ற எதிர்வீட்டுக்காரி, "ஆத்தாடி!" என்று மெதுவாகச் சொன்னது காதில் விழுந்தது.

வங்கிக்குப் போய்வந்த மூன்றாம் நாள் கடை வழியாகப் போனேன். ஏதோ உதவித்தொகைக்கு மனுப் போடும் சமயம். அக்கா கடையில் நிற்க இடம் இருக்காது. அன்று ஒருவருமில்லை. நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடையில் வரிசை ரோடு வரைக்கும் நீண்டிருந்தது. அக்கா மிஷின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து என் பிளாஸ்டிக் பையைப் பிரித்தேன். ஏ.டி.எம். கார்டு நகல் மட்டும் அக்காவிடம் பத்துத் தாள் எடுத்திருந்தேன். பையில் இருந்தது மூன்று. மற்ற ஏழும் எங்கே? யோசிக்க யோசிக்க, தூக்கத்தில் நடந்த இடங்கள் போல மூன்று மட்டும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. எந்த மனுவுக்குப் பாஸ்புக் நகல் கேட்டாலும் எதுக்கும் இருக்கட்டும் என்று இதையும் சேர்த்துக் குத்தியிருக்கிறேன்.

எடுத்து வரலாம் என்று கிளம்பினேன்.

கேஸ் ஆபீஸில் இருந்தவர் தூசி தட்டி என் மனுவை எடுத்தார். "ஏ.டி.எம். கார்ட யாரு கேட்டா உங்ககிட்ட?"

"யாரும் கேக்கல அண்ணாச்சி. நானாத்தான் வச்சேன்."

"அப்படியே பின் நம்பரையும் எழுதி வச்சிருக்கலாமே. நாங்களே எடுத்துச் செலவழிச்சிருப்போம்." அவர் சிரித்தார். தாளைக் கிழித்து என் கையில் கொடுத்தார்.

செல்போன் கடையில் தவணைக்குக் கொடுத்த தாளைக் கேட்டேன். "போன வருசப் பேப்பரையெல்லாம் எடைக்குப் போட்டாச்சே அக்கா" என்றான் முதலாளி. எடைக்கு. அப்படியானால் என் கார்டு ஏதாவது வடைக்கு அடியில் எண்ணெய் குடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு தாளை வாங்கியிருந்த மகளிர் குழுத் தலைவி பனவடலிசத்திரத்துக்குக் குடிபோயிருந்தாள். பஸ் ஏறினேன். ஆவணிக் காற்றில் கரிசல் காட்டின் மேல் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவசரமில்லாமல், எதையோ எண்ணுவது போல. கண் செருகியது. என் எண்ணை எடுத்த ஆள் எங்கே இருப்பான்? வெயிலே இல்லாத ஊராக இருக்கலாம். என் கூரை ஓட்டுக் காசில் என்ன வாங்கியிருப்பான்? கார்டில் உள்ள என் பெயரை அவன் வாசித்திருப்பானே, சரியாக உச்சரித்திருப்பானா? அவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவனுக்கு முகமில்லை. கண்ணாடி துடைக்கும் கைதான் வந்து வந்து போனது.

தலைவி மெத்தைக்கு அடியிலிருந்து காகிதக் கட்டை எடுத்தாள். என் தாளின் மறுபக்கத்தில் புள்ளிக் கோலம் ஒன்று வரைந்திருந்தது. "நல்லா வந்திருக்கு, அதான் கிழிக்க மனசில்ல" என்றாள். ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். கோலத்தின் இழைகளுக்குள் என் பதினாறு எண்களும் மிதந்தன.

ஏழில் கிடைத்தது ரெண்டு. மீதி ஐந்தும் எங்கே என்று எனக்கே தெரியாது. இதில் நான் யாரைக் கைகாட்டினேன்?

பஸ்ஸை விட்டிறங்கி அப்படியே அக்கா கடைக்குப் போனேன்.

"வா. என்ன, ரெண்டு பக்கமும் ஒரே தாள்லயா?" முகத்தில் சிரிப்பில்லை.

"அக்கா, நான் பேங்க்ல..."

"தெரியும். ஊருக்கே தெரியும். கார்ட எதுக்குட்டி ஜெராக்ஸ் எடுக்கன்னு அன்னைக்கே கேட்டேனா இல்லயா?"

கேட்டாள். பின்பக்கம் வேண்டாம் என்றுகூடச் சொன்னாள். அவள் சொன்னது முழுவதும் அதுவரை என் நினைவிலேயே இல்லை.

"கேட்டிய. நான்தான் கேக்கல."

"களவாணின்னு சொல்லிட்டுப் போயிட்ட. மூணு நாளா ஒரு ஈ காக்கா வரல மூதி."

"தப்புத்தான் அக்கா."

"எங்கிட்ட சொல்லி என்னட்டி செய்ய? எனக்குத் தெரியாததா? சொன்ன எடத்துல போய்ச் சொல்லு."

மறுநாள் வங்கியில் கூட்டம் நிறைந்த நேரம் பார்த்தே போனேன். வீட்டுக்காரர் வாசல் வரை வந்து, "நீயே குடுத்தேன்னு சொன்னா பணத்தத் தர மாட்டாவட்டி. மழை வருது, ஞாபகம் வச்சுக்க" என்றார். எனக்கு மட்டும் ஞாபகம் இல்லையா? ராத்திரி முழுக்க ஓடு ஒழுகும் சத்தம் வானத்தில் மேகமே இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்குச் சத்தமாகப் பேச வராது. அன்று வந்தது. "மேடம், ஜெராக்ஸ் கடை அக்கா எடுக்கல. நான்தான் கார்டோட நகல ஊரெல்லாம் குடுத்து வச்சிருக்கேன். அஞ்சு தாளு எங்க கெடக்குன்னே தெரியல."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, இதை எழுதிக் குடுத்தா உங்க கவனக்குறைவுன்னு மேல சொல்ல வாய்ப்பிருக்கு. பணம் வராமக்கூடப் போகலாம். வாயால சொன்னது போதுமே?"

"எழுதிருதேன் மேடம். எழுதினாத்தான் நிக்கும்."

ஏழாம் வகுப்புக் கையெழுத்தில், ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது எதிர்வீட்டுக்காரி பக்கத்தில் நின்றாள்.

"அப்போ அவ இல்லயா மதினி?"

"இல்ல."

"நான் நாலு வீட்டுல சொல்லிட்டேனே."

"எந்தெந்த வீடு?"

அவள் விரல் விட்டு எண்ணினாள். எண்ணியதில் ஆறு வந்தது.

"வாங்க, போவோம்" என்றேன். இருவரும் வெயிலுக்குள் இறங்கினோம். தெருவில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. வாசலில் நின்று கத்தித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.