கொல்லையில் குளிர்காய ஓர் இடம்

விருதுநகர்ப் பக்கத்து வெயிலில் வளர்ந்த எங்களுக்கு ஓசூரின் மார்கழி ஒத்துவரவில்லை. வாடகைக்கு எடுத்த வீட்டில் கொல்லை இருந்ததைப் பார்த்ததுமே, குளிர்காய ஒரு நெருப்புக் குழி வெட்டிவிட வேண்டும் என்று என் கணவர் முடிவு செய்துவிட்டார். நான் வேலை பார்க்கும் கம்பெனியில் தீயணைப்புக் குழுவில் இருக்கிறேன். அதனால் இடம் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு இறங்கினோம். மாமரத்தடி வேண்டாம் என்றேன். குளியலறை ஓரத்தில் போர்வெல் தண்ணீர்க் குழாய் மண்ணுக்குள் போகிறது, அதுவும் வேண்டாம் என்றேன். அவர் மதில் மூலைக்குப் போய் நின்றுகொண்டார்.

"இதுதான் தோது. காத்தே அடிக்காது."

"மதிலுக்கு அந்தப் பக்கம் வைக்கப் போர் இருக்குங்க. ஒரு பொறி பறந்தா போதும்."

"வீட்டுலயும் டூட்டி பாக்குறியா நீ?"

நான் உள்ளே போய்ச் சாம்பிராணி போட்டுக்கொண்டு வந்து அந்த மூலையில் வைத்தேன். புகை நேராக எழும்பி, மதிலைத் தாண்டி, வளைந்து வைக்கோல் போர்ப் பக்கம் போனது. சற்று நேரத்தில் மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை தெரிந்தது. இரண்டு மாடு வைத்திருப்பவர். வீட்டுக்குள் தெலுங்கு, எங்களோடு தமிழ்.

"இன்னாம்மா, கொல்லையில பூசையா?"

விஷயத்தைச் சொன்னேன். அக்கா போரைத் திரும்பிப் பார்த்தார்.

"அத்த எங்க நவுத்தறது? நீங்கதான் நடுவுல வெச்சிக்கணும்."

"நடுவுல இவரு கத்தரி நாத்து. அதுக்கு மேல துணிக்கொடி."

"கொடிய எங்க வேப்பமரத்துல கட்டு. எங்கூட்டுப் பக்கம் வெயிலு நல்லா உழும்."

நாற்றுகளை இடம் மாற்றும் வேலை என் கணவருக்கு. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாக வேரோடு பெயர்த்து நட்டார். பிறகு நடுக்கொல்லையில் ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டி, சுற்றிலும் புல்லைச் செதுக்கி, செங்கல்லை வட்டமாக அடுக்கினோம். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல். மணல் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் வகுப்பு எடுப்பேன் என்று தெரியும்.

அன்று சாயங்காலமே பற்ற வைத்தோம். அக்கா ஒரு முறம் பச்சைக் கடலையோடு வந்து, புகை வராத பக்கமாகப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கொண்டார். கண்ணைக் கசக்கியபடி எதிரே உட்கார்ந்திருந்தவர் என் கணவர்தான். ஆனால் சுட்ட கடலையில் பாதிக்கு மேல் தின்றவரும் அவர்தான். எழுந்து போவதற்குமுன் தண்ணீர் ஊற்றிக் கிளறி, சூடு அடங்கிவிட்டதா என்று புறங்கையைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். இருவரும் சிரித்தார்கள். நான் இன்னொரு தடவை ஊற்றினேன்.

மறுநாள் காலை நான் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அக்கா மதிலோரம் காலிக் கூடையோடு நின்றிருந்தார்.

"சாம்பல கொட்டிடாதம்மா. எங்க அவரக்கொடிக்கு வோணும்."