அல் ஐனிலிருந்து அக்கார்டியன் கேட்கப் போனோம்

1986 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதுக்கே நானும் ராசனும் அல் ஐன் டாக்ஸி ஸ்டாண்டில் நின்றோம். துபாய் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர். ஆளுக்கு இருபது திர்ஹம். துணி துவைத்துத் தூங்கும் நாளில் நாங்கள் சென்ட் பூசிக்கொண்டு கிளம்பியதைப் பார்த்து தொழிலாளர் கேம்பே சிரித்தது. சிரிக்கட்டும். அன்று இரவு துபாயில் ஒரு ஜெர்மன் பாட்டுக் குழு கடைசியாக மேடையேறுகிறது. அதை ஒருமுறையாவது நேரில் கேட்காவிட்டால் ராசனுக்குத் தலை வெடித்துவிடும்.

ராசன் யாழ்ப்பாணத்துக்காரன், சைட் ஆபீஸில் டைப்பிஸ்ட். நான் எலக்ட்ரீஷியன், ராமநாதபுரம் பக்கம். எங்கள் ஜெர்மன் இன்ஜினியர் தந்த கேஸட் இரண்டு வருடமாக எங்கள் ரூமில் ஓயாமல் ஓடியது. மலையடிவார ஊரொன்றில், கல்யாணங்களில் பாடிக்கொண்டிருந்த நான்கு பேர் அவர்கள். பழைய ஊர்ப்பாட்டுக்கு அக்கார்டியனோடு டிரம்ஸும் கிட்டாரும் சேர்த்தார்கள். ஜெர்மனி முழுக்கப் பிய்த்துக்கொண்டு போயிற்று. டிவி, ரிக்கார்டு, ஊர் ஊராகக் கச்சேரி. பிறகு பாடகனுக்கு அக்கார்டியன் பட்டிக்காட்டுச் சாமானாகத் தெரிந்ததாம். அதை வாசிப்பவளோ விட மறுத்தாளாம். "துபாய் ஹோட்டலோடு முடிந்தது, கலாஸ்" என்று இன்ஜினியர் சொன்ன அன்று ராசன் சாப்பிடவில்லை.

வழியெல்லாம் மணல். குழுவின் ஜோடிப் பாட்டில் ஆண் பாடும் பகுதியை ராசன் உரக்க எடுத்துவிட்டான். அர்த்தம் ஒன்றும் தெரியாது, ஓர் எழுத்துப் பிசகாது. தொண்டையை மேலும் கீழும் உருட்டிக் கூவும் இடம் வந்ததும் பெஷாவர் டிரைவர் மிரண்டு பிரேக் போட்டார்.

"கலாஸ், பாய், கலாஸ்!"

பர் துபாயில் இறங்கிச் சாப்பிட்டு, இருபத்தைந்து ஃபில்ஸ் கொடுத்து அப்ரா படகில் அக்கரை போய், ஹோட்டலைக் கண்டுபிடித்தபோது மணி இரண்டு. வாசல் காவலர் திருநெல்வேலிக்காரர்.

"ராத்திரி ஜோடியா வந்தாத்தான் உள்ள விடுவாவ."

"நாங்களும் ஜோடியாத்தானே வந்திருக்கோம்?" என்றேன் எரிச்சலுடன்.

அவர் சிரித்துவிட்டார். "இப்பம் பாட்டுக்காரவ பழகிட்டு இருக்காவ. ஓரமா நின்னு கேட்டுட்டு ஓடிருங்க. கூடப் பாடுதவரு நேத்தே சண்ட போட்டுட்டு பிளேன் ஏறிட்டாரு."

ராசன் முகம் செத்துவிட்டது. உள்ளே போனோம். மேடையில் மூன்று பேர்தான். அக்கார்டியன்காரி அந்த ஜோடிப் பாட்டையே தொடங்கினாள். அவள் பாடும் அடி முடிந்து, அவன் பாட வேண்டிய இடம் வந்தது. யாருமில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு நிறுத்தப் போனாள்.

என் பக்கத்திலிருந்து ராசன் பாடினான்!

எனக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ஆனால் வாசிப்பதை விடவில்லை. வா வா என்று தலையாலேயே கூப்பிட்டாள். ரப்பர் செருப்போடு மேடையேறினான். டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. கேள்வியும் பதிலுமாகப் பாடிப் பாடி, கூவும் இடத்தில் இரண்டு குரலும் சேர்ந்து எழும்பியபோது நான் அழுதுகொண்டே கைதட்டினேன். சமையல்கட்டு ஆட்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவள் ராசனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள், கண் நிறைந்திருந்தது. அதற்குள் மேனேஜர் வந்து எங்களை வெளியே தள்ளினார். இரவுக் கச்சேரியில் அந்தப் பாட்டு கிடையாதாம், பாட ஆளில்லையே என்றார் காவலர்.

திரும்பும் டாக்ஸியில் எனக்கு வாய் ஓயவில்லை. ராசன் மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தான்.

"என்ன ராசா, பேச மாட்டேங்கிற?"

"மச்சான், கேக்கத்தானே வந்தனாங்கள். பாடின பதட்டத்திலை எனக்கொண்டும் கேக்கேல்லையடா. நீதான் கேட்டனி. எப்பிடி இருந்ததெண்டு சொல்லு."

அல் ஐன் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.