ஒரே மெஷின், இரண்டு எக்ஸ்ரே: நைனாவோடு ஹைதராபாத்தில் ஐந்து நாள்

2008 டிசம்பரில், கிறிஸ்துமஸ் முடிந்த சனிக்கிழமை நைனா ஹைதராபாத் வந்தார். கோலார் தங்கவயலில் எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையில் சேர்ந்து மூன்று வருடம் ஆகியும் அவர் இந்த ஊரை எட்டிப் பார்த்ததில்லை. கணவர் ஆன்சைட் வேலையாக வெளிநாடு போயிருந்ததால் கொண்டாப்பூர் வீட்டில் நான் மட்டும்தான். இப்போதாவது வாருங்கள் என்று கெஞ்சிக் கூப்பிட்டேன். அவர் கிளம்பியது எனக்காக மட்டுமில்லை. மரியதாஸ் மாமாவைப் பார்க்கவும்தான்.

மாமா எங்களுக்கு உறவில்லை. நைனாவும் அவரும் தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் ஒரே டிரில் மெஷினைப் பிடித்தவர்கள். பாறையில் வெடி வைக்கத் துளை போடுவது அவர்கள் வேலை. 2001இல் சுரங்கத்தை மூடியதும் நைனா ஊரிலேயே இருந்துவிட்டார். மாமா குடும்பத்தோடு ஹைதராபாத் வந்து போரபண்டாவில் தங்கி, புது ஃப்ளாட்டுகளின் சமையலறை மேடைக்கு கிரானைட் அறுத்துப் பதிக்கும் வேலையைப் பிடித்தார். கொண்டாப்பூரில் கட்டடம் எழும் வேகத்துக்கு அவருக்கு ஓய்வே கிடையாது.

வயதானவர்களை அழைத்துவர நினைப்பவர்களுக்கு முதலில் ரயில் விவரம். தங்கவயலிலிருந்து பாசஞ்சரில் பெங்களூர் வந்து, அங்கே சாயங்காலம் காச்சிகுடா எக்ஸ்பிரஸ் பிடித்தால் காலை ஆறு மணி சுமாருக்கு வந்துவிடலாம். காச்சிகுடாவிலிருந்து கொண்டாப்பூர் இருபது கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோக்காரர் முந்நூறு கேட்டார். நான் இருநூறு என்றேன்.

"நக்கோ, முடியாது மேடம், பெரியவருக்கு மூச்சு வாங்குது, மெதுவாத்தான் ஓட்டணும்" என்றார் அவர், ஹைதராபாத் உருதில். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்திலிருந்து வெளியே வருவதற்குள் நைனா இரண்டு இடத்தில் நின்றிருந்தார். நான் அதைக் கவனிக்கவில்லை, ஆட்டோக்காரர் கவனித்திருக்கிறார். இருநூற்றைம்பதுக்கு வந்தோம்.

நைனாவுக்கு இருமலும் இளைப்பும் புதிதில்லை. ஒரு டாக்டர் ஆஸ்துமா என்றார். இன்னொருவர் டிபி என்றார். டிபி மாத்திரையை மட்டும் மூன்று முறை முழுசாகச் சாப்பிட்டு முடித்திருக்கிறார். இதயமாக இருக்கும் என்று சொன்னவரும் உண்டு. பீடியை விடுங்கள் என்று ஒருவர் திட்டினார். நைனா வாழ்க்கையில் பீடியைத் தொட்டதில்லை. எல்லோரும் சொன்னதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்கு எதை நம்புவது என்றே தெரியாமல் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் மூவரும் கோல்கொண்டா போனோம். வீட்டிலிருந்து பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும். நுழைவுச்சீட்டு ஐந்து ரூபாய். உள்ளே நுழைந்ததும் ஒரு வளைவு இருக்கிறது. அதன் கீழே நின்று கைதட்டினால் மலை உச்சியில் கேட்கும். பெற்றோரோடு போகிறவர்கள் காலை ஒன்பதுக்குள் போய்விடுங்கள். வெயில் ஏறினால் படிகளில் நிழலே கிடையாது.

நைனா படிகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கியே குந்திக்கிறேன்" என்றார்.

"இன்னாடா சின்னா, ரெண்டு வருஷம் எனுக்கு மூத்தவனாட்டம் பேசுறே. ரெண்டு பேரும் ஒரே வயசுதானே" என்றார் மாமா. ஆனால் வற்புறுத்தவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு ஏறினார். மாமாவுக்கு அன்றைக்கு ஐம்பத்தெட்டு வயது. தினமும் ஒரு கட்டு பீடி. ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறினார். நான்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உச்சியை அடைந்தபோது கீழேயிருந்து கைதட்டல் கேட்டது. தட்டி, நிறுத்தி, மறுபடி தட்டி, ஏதோ கணக்கோடு வந்தது. மாமா சிரித்துவிட்டார். "சுரங்கத்துல ஆளு ஏறுற கூண்ட மேல தூக்கச் சொல்லி மணியடிப்பாங்க பாப்பா. அத்தத்தான் தட்றான்" என்றார். அப்புறம் சுவரோரம் நின்று கீழே பார்த்தார். "முன்னல்லாம் எனுக்கு முன்னாடி ஓடுவான். இவனுக்கு மட்டும் ஏன் இப்பிடி ஆச்சின்னு எனுக்கு விளங்கவே இல்ல."

திங்கட்கிழமை பேகம்பேட்டில் ஒரு நெஞ்சக மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். துணைக்கு மாமா வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கு ஒரு பாடம் கற்றேன். ஹைடெக் சிட்டி ஸ்டேஷனிலிருந்து பேகம்பேட்டுக்கு லோக்கல் ரயில் மலிவு, நெரிசலும் குறைவு. ஆனால் பிளாட்பாரம் மாறப் பாலம் ஏற வேண்டும். மூச்சுத் தொந்தரவு உள்ளவர்களை ரயிலில் கூட்டிப் போகாதீர்கள், ஆட்டோவே சரி. நைனா பாலத்தின் நடுவில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் ரயில் கீழே கிளம்பிப் போனது. அடுத்த ரயிலில் போனோம்.

டாக்டர் அம்மா தெலுங்குக்காரர். சென்னையில் படித்தவர், நிறுத்தி நிறுத்தித் தமிழ் பேசினார். நைனாவின் பழைய படங்களையும், அங்கேயே எடுத்த புது எக்ஸ்ரேயையும் பார்த்தார். ஊதச் சொல்லி ஒரு சோதனை செய்தார். அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வியை அதுவரை எந்த டாக்டரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

"முன்னாடி என்ன வேலை பார்த்தீங்க?"

நைனா சொன்னார். டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பாறையைத் துளைக்கும்போது வருகிற பொடித்தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகிவிடுகிறது, இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர் என்றார்.

"வேலைய விட்டே ஏழு வருஷம் ஆச்சும்மா. இப்ப ஏது தூசி?" என்றார் நைனா.

"நீங்க விட்டீங்க. உள்ளே போனது விடலை. அது அங்கேயே இருந்து மெதுவா வேலை செய்யும். வருஷம் கழிச்சுக்கூட அதிகமாகும்."

"அப்ப டிபி இல்லியா?"

"சளி டெஸ்ட் பண்ணணும். இந்த நோய் இருக்கறவங்களுக்கு டிபி சுலபமா வரும். படத்துல ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியும். மூணு தடவை மருந்து சாப்பிட்டதுல ஒரு தடவை நிஜமா டிபி இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இப்ப யாரும் சொல்ல முடியாது."

இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா என்று புரியாமல் நான் முழித்தேன். டிபி இல்லை என்றால் வீட்டில் தனித்தட்டு, தனிப்பாய் எல்லாம் தேவையில்லை. ஆனால் டிபிக்கு மருந்து உண்டு. இதைக் குணமாக்க மருந்தில்லை, மேலும் கெடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் டாக்டர் சொன்னார்.

அதுவரை சும்மா இருந்த மாமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "மேடம், அதே மெஷினை நானும் பிடிச்சேன். அதே தூசிதான் எனுக்கும். நான் நல்லாத்தானே கீறேன்? அப்ப இவனுக்குத் தூசியால வந்ததுன்னு எப்பிடி ஆவும்? நீங்க எனுக்கும் ஒரு படம் எடுங்க. எனுக்கு இல்லன்னா இவனுக்கும் இல்ல."

அது வாதமே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. டாக்டருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் மறுக்கவில்லை. "எடுத்துப் பார்க்கறது நல்லதுதான்" என்று சீட்டு எழுதினார். மாமா சட்டையைக் கழற்றும்போது நைனாவைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அரை மணி நேரம் கழித்து இரண்டு படங்களும் விளக்குப் பெட்டியில் அடுத்தடுத்துத் தொங்கின. இரண்டிலும் மேல் பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. ஒன்றில் புள்ளிகள் நெருக்கமாக, சில இடங்களில் ஒட்டிக்கொண்டு இருந்தன. அதுதான் நைனாவுடையது என்று நினைத்தேன்.

"இது இவரோடது" என்று டாக்டர் மாமாவைக் காட்டினார்.

"மாத்தி மாட்டிட்டீங்க" என்றார் மாமா, சிரித்தபடியே.

டாக்டர் ஓரத்தில் இருந்த பெயரைக் காட்டினார். மாமா நம்பவில்லை. அமீர்பேட்டில் வேறொரு இடத்துக்குப் போய் எடுத்துக்கொண்டு வருவேன் என்றார். போனோம், எடுத்தோம். திரும்பி வந்து மாட்டினால் அதே புள்ளிகள். டாக்டர் மாமாவின் சட்டையைத் திறக்கச் சொல்லி நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்தார், ஊதவும் சொன்னார். ஊதும் சோதனையில் மட்டும் அவருக்குக் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. படத்தில் தெரிவதும் மூச்சில் தெரிவதும் எப்போதும் ஒத்துப்போகாது, இவருக்கு இனிமேல் தெரிய ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர். ஏன் ஒருவருக்கு அப்படி, ஒருவருக்கு இப்படி என்று கேட்டேன். "உடம்புக்கு உடம்பு மாறும். அதுக்கு மேல எனக்குத் தெரியாது" என்றார்.

பிறகு மாமாவிடம் இப்போது என்ன வேலை என்று கேட்டார்.

"கிரானைட் கட்டிங்."

"தண்ணி விட்டு அறுப்பீங்களா?"

"பட்டறையில விடுவோம். ஃப்ளாட்டுக்குள்ள சிங்க்குக்கு ஓட்டை போடும்போது எப்பிடி விடறது மேடம்? சுவரு நனைஞ்சா ஓனரு கத்துவாரு."

"அந்த வேலையை நிறுத்துங்க. பீடியையும். இன்னைக்கே."

மாமா சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார். மேல் பொத்தானைக் கீழே மாட்டி, கழற்றி, மறுபடி போட்டார்.

மதியம் பக்கத்து இரானி ஹோட்டலில் சாப்பிட்டோம். மாமா டீயைத் தொடவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நைனா மட்டும் ஒரு பிளேட் பிரியாணியை முழுசாகச் சாப்பிட்டார். வந்ததிலிருந்து அவர் அப்படிச் சாப்பிட்டு நான் பார்க்கவில்லை. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது.

வீடு திரும்பும் ஆட்டோவில் அவராகவே சொன்னார். "இத்தினி நாளா எனுக்கு மட்டும் வந்துதே, நான் ஏதோ தப்பு பண்ணிட்டேன், என் உடம்புதான் சரியில்லன்னு நெனச்சினு இருந்தேன்மா. தாசுக்கும் கீதுன்னு அந்தம்மா சொன்னப்போ ஒரு நிமிஷம் மனசு லேசாச்சு. சந்தோஷம்னுகூட சொல்லலாம். அவன் என் கூடப் பொறக்காத பொறப்பு. எனுக்கு எப்பிடி சந்தோஷம் வந்துது?"

ஆட்டோ பஞ்சாகுட்டா நெரிசலில் நின்றது. வண்டிப் புகைக்கு அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை மாமா வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. சார்மினார் போகலாமா என்று கேட்டேன். நைனாவுக்கு மனமில்லை. ஆகவே சார்மினார் பற்றி இந்தப் பதிவில் ஒன்றும் இருக்காது, மன்னிக்கவும்.

புதன்கிழமை சாயங்காலம் நைனாவுக்கு ரயில். காலையில் மாமாவின் மனைவியிடம் கேட்டு, அவர் வேலை செய்யும் இடத்தைக் கண்டுபிடித்தோம். எங்கள் தெருவிலிருந்து இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. புது ஃப்ளாட், நல்லவேளையாகத் தரைத்தளம். வாசலிலேயே மெஷின் அலறல் கேட்டது. சமையலறைக்குள் மாமா குனிந்திருந்தார். முகத்தில் ஒரு துண்டு. தலை, புருவம், கை எல்லாம் மாவு பூசியது போல வெள்ளை.

எங்களைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினார். "இன்னாத்துக்கு இவனை இங்க கூட்டினு வந்தே பாப்பா? டேய், வெளிய போ. இது உனுக்கு ஆவாது."

"உனுக்கு ஆவுமா?" என்றார் நைனா.

மாமா சுவரைப் பார்த்தார். "பேசாத. எனுக்கு ஒண்ணும் இல்ல. போன வாரம் வரைக்கும் ஒண்ணும் இல்லாமத்தான் இருந்தேன்."

நைனா அடுக்கி வைத்திருந்த கிரானைட் பலகைகள் மேல் போய் உட்கார்ந்துகொண்டார். போகமாட்டேன் என்று வாயால் சொல்லவில்லை. உட்கார்ந்தார், அவ்வளவுதான். தூசியில் அவருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு மறுபடி அங்கேயே இருந்தார். அவர் இருக்கும்வரை மாமாவால் மெஷினைப் போட முடியாது. வெளியே இழுத்து வருவதா, விட்டுவிடுவதா என்று புரியாமல் நான் வாசலில் நின்றேன். சூப்பர்வைசர் வந்து தெலுங்கில் சத்தம் போட்டார். மாமா எழுந்து போய் அவரிடம் ஏதோ பேசினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு வாளித் தண்ணீர் இருந்தது.

சிங்க்குக்கான பலகையை இரண்டு ஆட்கள் வெளியே மண்ணில் கொண்டுபோய் வைத்தார்கள். மாமா தண்ணீர் ஊற்றச் சொல்லி அறுத்தார். இரண்டு மடங்கு நேரம் ஆனது. நைனா தூரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் காச்சிகுடாவில் பெட்டியை ஏற்றிவிட்டு, "சளி ரிப்போர்ட் வந்தா சொல்லுடா" என்று மட்டும் சொன்னார் மாமா. ரிப்போர்ட் வந்தது. டிபி இல்லை.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. வீட்டில் யாராவது நிலத்தடிச் சுரங்கத்திலோ, குவாரியிலோ, கல் அறுக்கும் இடத்திலோ வேலை பார்த்திருந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அதைத்தான் முதலில் சொல்லுங்கள். வேலையை விட்டு எத்தனை வருடம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள். பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப் போடாதீர்கள், புதியதோடு ஒப்பிட அவை வேண்டும். இருமல் அதிகமானாலோ, காய்ச்சல் வந்தாலோ, எடை குறைந்தாலோ சளிப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது என்றார் டாக்டர். ஊர் சுற்ற வந்தால் படி இல்லாத இடங்களாகப் பார்த்துப் போங்கள். ஹைதராபாத்துக்கு டிசம்பர், ஜனவரி நல்ல பருவம், ஆனால் காலைப் பனியும் புகையும் சேர்ந்தால் மூச்சுக்காரர்களுக்குக் கஷ்டம்.

நன்றாக இருக்கிற ஆளையும் கூட்டிப்போய்ப் படம் எடுக்கலாமா என்று கேட்டால், எடுக்கலாம் என்றுதான் டாக்டர் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்ல வேண்டும். ஆனால் இந்த வாரம் மாமாவைப் பார்த்தபோது ஆள் பாதியாகத் தெரிந்தார். மூச்சு அப்படியேதான் இருக்கிறதாம். சிரிப்புதான் குறைந்துவிட்டது. ஃப்ளாட்டுக்குள் போய் அறுக்கும் வேலையை விட்டுவிட்டார். அளவெடுப்பதும் பட்டறையில் தண்ணீர் விட்டு அறுப்பதும்தான் இப்போது. அவர் விட்ட வேலையை ஒடிசாவிலிருந்து வந்த இன்னொருவர் செய்கிறாராம். அதைச் சொல்லும்போது மாமா என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தெரியாமலே இருந்திருந்தா இன்னும் நாலு வருஷம் நிம்மதியா இருந்திருப்பேன் பாப்பா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் பாக்கெட்டிலிருந்து டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினார்.

"வர்ற வியாழக்கிழமை அந்த டாக்டரம்மா வரச் சொல்லிகிறாங்க. நீ லீவு போட்டுனு கூட வர்றியா?"

லீவு போட்டுவிட்டேன்.