எங்கள் விடுதித் தண்ணீரும் பகவதி அக்காவும்

பகவதி அக்கா இறந்துவிட்ட செய்தியை எனக்குச் சொன்னது ரம்யா. சில வருடங்களுக்கு முன் கழக்கூட்டத்தில் நானும் என் கணவரும் நடத்தும் பெண்கள் விடுதியில் தங்கியிருந்தவள். அங்கே குடித்த தண்ணீரால் மஞ்சள்காமாலை வந்து படுத்தவள். காலையில் நான் தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது போனில் கூப்பிட்டாள்.

“ஆன்ட்டி, நம்ம வெள்ளத்து மேடம் போயிட்டாங்க. உங்களுக்குத் தெரியும்லா?”

தெரியாது. அக்காவின் மகள் உமா எங்களுக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவளுக்கு இல்லை. மலையாளம் பேசும் இந்த ஊரில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். குடிநீர்க் கருவி பொருத்த வந்தவரை விடுதிப் பெண்கள் வெள்ளத்து மேடம் ஆக்கிவிட்டார்கள். அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவரைப் பற்றி ஒரு தவறான செய்தியை நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். அது பரவியது எங்கள் வீட்டிலிருந்து.

அக்கா நாகர்கோவில் பக்கம். வேதியியல் படித்தவர். ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, பழவங்காடியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் அறை பிடித்துத் தனியாகத் தொழில் தொடங்கினார். புற ஊதா விளக்கால் தண்ணீரைச் சுத்தப்படுத்தும் கருவிகளை விற்பார், பொருத்துவார், பழுதும் பார்ப்பார். எங்கள் விடுதிக்கு முதன்முதலாக வந்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். தண்ணீரில் மருந்து கலக்குமா என்று ஒருத்தி கேட்டாள்.

“ஒண்ணும் கலக்காது மக்கா. தண்ணி இந்தக் குழல் வழியா ஓடும்போது வெளிச்சம் படும். வெளிச்சம் பட்ட கிருமியால பெருக முடியாது. பெருகாத கிருமி நம்மள ஒண்ணும் செய்யாது.” சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். “ஆனா குழலைத் தாண்டிட்டா காவல் கிடையாது, கேட்டியா. குளோரின் தண்ணி கூடவே வரும். வெளிச்சம் வராது.”

அதனால்தான் ஒவ்வொரு மாடியிலும், குடிக்கும் குழாயை ஒட்டி ஒரு கருவி வைக்கவேண்டும் என்றார். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. கீழே மோட்டார் பக்கத்தில் ஒன்றே ஒன்று வைத்தால், மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறும் தண்ணீர் முழுக்கச் சுத்தமாகிவிடுமே என்பது அவர் கணக்கு.

“தொட்டியில பிறகு என்ன விழுந்தாலும் அது நேரே பிள்ளைங்க வாய்க்குத்தான் போகும்” என்றார் அக்கா.

“அது சாரமில்ல, பரவால்ல மேடம். தொட்டியை நாங்க மூடித்தானே வச்சிருக்கோம். உங்களுக்கு முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆளைக் கூப்பிடுகேன்.”

அக்கா என்னைப் பார்த்தார். அவரை விடுதிக்கு அழைத்து வந்ததே நான்தான். கடைசியில் கீழேயே பொருத்திக்கொடுத்தார். கிளம்பும்போது, மேலே உள்ள தொட்டியில் வெளித்தண்ணீர் எதையும் ஊற்றக்கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

அந்தக் கோடையில் குழாய்த் தண்ணீர் நின்றது. லாரித் தண்ணீர் வாங்கினோம். லாரிக்காரர் தன் பம்ப்பாலேயே குழாயை மொட்டைமாடிவரை ஏற்றி நேரே தொட்டியை நிரப்பினார். வேலை சீக்கிரம் முடிகிறதே என்று என் கணவரும் விட்டுவிட்டார். கீழே கருவியில் நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. பெண்கள் அதைப் பார்த்துவிட்டு மேலே போய்த் தைரியமாகக் குடித்தார்கள். சில வாரங்களில் ரம்யாவின் கண் மஞ்சளானது. பிறகு அவள் அறைத்தோழிக்கு. பிறகு அந்த மாடியில் பலருக்கு.

பெற்றோர்கள் வந்து சாப்பாட்டுக் கூடத்தில் கூடினார்கள். என் கணவர் கீழே கருவியை ஒட்டிய குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதித்து, ‘குறையில்லை’ என்று வந்த முடிவைக் கையில் வைத்திருந்தார். பிள்ளைகள் வெளியே கண்ட இடத்தில் சாப்பிடுகிறார்கள் என்று பேச்சைத் தொடங்கினார். கருவி நன்றாக வேலை செய்கிறது என்று சாட்சி சொல்வதற்காகவே அக்காவை வரவழைத்திருந்தார்.

அக்கா எழுந்து சொன்னார்: “கருவி நல்லாத்தான் இருக்கு. கீழ எடுத்த தண்ணியும் நல்லாத்தான் இருக்கும். பிள்ளைங்க குடிச்சது மேல உள்ள தண்ணி. அதை யாரும் சோதிக்கல்ல. வச்ச இடம் தப்பு.”

ரம்யாவின் அப்பா திருநெல்வேலியிலிருந்து அலறியடித்துக்கொண்டு வந்திருந்தார். “அந்த இடத்துல யாரும்மா வைக்கச் சொன்னது?” என்று கேட்டார்.

என் கணவர் குனிந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “அக்கா வேண்டாம்னுதான்…” என்று நான் வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

“சொன்னது யாரா வேணும்னாலும் இருக்கட்டும். வச்சது நான். இங்க உள்ளவங்கள்ல தெரிஞ்சவ நான் ஒருத்திதான். தெரிஞ்சும் வச்சேன்.”

என் கணவர் உடனே நிமிர்ந்தார். “கேட்டீங்கள்ல? அவங்களே ஒத்துக்கிட்டாங்க.”

அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அதில் இருந்த நிம்மதிதான் எனக்குத் தாங்கவில்லை. அக்காவோ அதைக் கவனிக்கவே இல்லை. தொட்டி வால்வை அடைக்கச் சொன்னார், சமையலறையில் பெரிய அண்டாக்களில் தண்ணீர் கொதிக்க வைத்தார், மறுநாள் தொட்டியைக் கழுவிக் குளோரின் போடும்வரை நின்றார். பெண்கள் எல்லோரும் தேறினார்கள். அதே வாரம் மாடிக்கு ஒன்றாகக் கருவிகள் வந்தன. ஆனால் பக்கத்து விடுதிகளில், ‘அந்த அம்மா வச்ச மிஷினால்தான் பிள்ளைகளுக்குக் காமாலை’ என்று பேச்சாகிவிட்டது. யாரும் அவரைக் கூப்பிடாமல் ஆனார்கள். பழவங்காடி அறையைக் காலி செய்தார்.

அதன்பிறகு ஒருநாள் அவருடன் பொன்முடி மலைக்குப் போனேன். அங்கே ஒரு எஸ்டேட்டில், தொழிலாளர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் அவர் வைத்த கருவி ஒன்று இருந்தது. விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடிக் குழலை உருவி எடுத்தார். தண்ணீரில் இருந்த இரும்பு படிந்து அது பழுப்பேறியிருந்தது. எலுமிச்சை உப்பில் ஊறவைத்துத் துடைத்தபடியே, “வெளிச்சம் எரியுதுன்னு இருந்துடாதீங்க. கண்ணாடியில அழுக்குப் பிடிச்சா தண்ணிக்கு ஒண்ணும் போய்ச் சேராது” என்று அங்கிருந்த ஆயாவிடம் சொன்னார்.

இறங்கும்போது பஸ்ஸில், வளைவுக்கு வளைவு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டிருந்தோம். என் கணவருக்காக நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

“அவரு கேக்கட்டும். நீ எதுக்குக் கேக்கே?” என்றார். குரலில் கோபம் இல்லை, விட்டுக்கொடுத்தலும் இல்லை.

“அன்னிக்கு என்னைப் பேச விட்டிருக்கலாமே அக்கா?”

“உங்க வீட்டுச் சண்டையை அந்தப் பிள்ளைங்க முன்னால நடத்தவா? அன்னிக்கு அவங்களுக்கு வேண்டியது நல்ல தண்ணி, மக்கா.”

அவர் இருந்தவரை என் கணவர் கேட்கவில்லை.

அக்கா வீட்டில் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு நாங்களும் போனோம். ரம்யா தன் அப்பாவோடு வந்திருந்தாள். அழைக்காமலே என் கணவர் எழுந்து பேசினார். தன் தவறைச் சபையில் ஒத்துக்கொள்ளும் பெரிய மனசு அக்காவைப்போல யாருக்கு வரும் என்று மெச்சினார். அந்தப் பாராட்டும் பழியை மறுபடி அக்காமேலேயே சுமத்தியது.

நான் எழுந்தேன். “கருவியை அங்கே வைக்கச் சொன்னது நாங்க. அக்கா வேண்டாம்னு சொன்னாங்க. வேற ஆளைக் கூப்பிடுவோம்னு நாங்க மிரட்டினோம். தொட்டியில லாரித் தண்ணி விட்டதும் நாங்கதான்” என்றேன். என் கணவர் செருப்பைத் தேடி வெளியே போய்விட்டார்.

உமா என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். “அம்மை இதை எங்கிட்ட ஒருநாளும் சொல்லல்ல, ஆன்ட்டி. கடை போனப்ப நான் அம்மையைத்தான் ஏசினேன். ஒழுங்கா வேலை தெரியாட்டி எதுக்கு இந்தத் தொழில்னு கேட்டேன். கேட்டுட்டுப் பேசாம இருந்தாவ.”

எங்கள் பொய் அந்த வீட்டுக்குள்ளும் போய் ஒரு மகளையும் தாயையும் பிரித்திருந்தது என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

இதை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். “எழுதிக்கோ. என் பேரைப் போடாதே” என்றார் என் கணவர். போடவில்லை. அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது கூட்டத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லும் அந்தத் துணிவு ஒன்றுதான். அவர் காதால் கேட்கும்படி, அவர் இருக்கும்போதே அது எனக்கு வந்திருக்கவேண்டும்.