நான் காட்டிய பெண்

என்னைப் பராமரிக்க வட லண்டனில் எட்மண்டனிலிருந்து வரும் வதனி இன்று காலை சமையலறையில் இருமினாள். அந்த வறட்டு இருமலைக் கேட்டு நான் கட்டிலில் விறைத்துப்போனேன்.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது எனக்கு எட்டு வயது. யூதர்களை அடைத்துவைத்த முகாமில் இருந்தோம். ஈரப் பலகையும் மூத்திரமும் நாறும் கொட்டகையில் அம்மாவுக்கும் லெனாவுக்கும் நடுவில் படுப்பேன். லெனா எங்களுக்கு உறவில்லை. ஆனால் தினமும் காலையில் என் கைகளை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்குவாள்.

ஒருநாள் காலை வரிசையில் நின்றபோது அம்மா இருமினாள். அங்கே நோயாளிகளைக் கொண்டுபோனால் திரும்ப வரமாட்டார்கள்.

"யார் இருமியது?" என்று காவல்காரி என்னைக் கேட்டாள்.

நான் லெனாவைக் காட்டினேன். லெனா மறுக்கவில்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை. லெனாவைக் கொண்டுபோனார்கள். பிறகு லண்டனில் முப்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தும் நானும் அம்மாவும் அதைப் பேசவே இல்லை.

வதனியிடம் இன்று சொல்லிவிட்டேன்.

"நீங்கள் அப்ப சின்னப் பிள்ளை அம்மா," என்றாள்.

"தெரிந்துதான் காட்டினேன்," என்றேன்.

அவள் கைபேசியை எடுத்து, "செத்தவையின்ர பட்டியலில தேடிப் பாப்பமே? அவவின்ர முழுப்பேர் என்ன?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியாது. நான் லெனாவிடம் கேட்டதே இல்லை.