அத்தையின் பஸ் அட்டவணை

நான் ஆறாம் வகுப்பு முடித்த கோடையில் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. புதியது அல்ல. தேரடித் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டிருந்த அப்பாவின் நண்பர் கடையைக் காலி செய்தபோது, கம்ப்யூட்டரையும் கரகரவென்று கத்துகிற ஒரு பிரிண்டரையும் அப்பா வாங்கி ஆட்டோவில் ஏற்றி வந்தார். அப்பா எங்கள் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். இனிமேல் கம்ப்யூட்டர் தெரியாத பிள்ளைகளுக்கு வாழ்வே இல்லை என்று வாரப் பத்திரிகை எதிலோ படித்திருந்தார். கம்ப்யூட்டரில் விளையாடினால் கெட்டுப்போவார்கள் என்றும் அதே பக்கத்தில் போட்டிருந்தார்கள் போலிருக்கிறது. சீட்டாட்டம் உட்பட எல்லா விளையாட்டுகளையும் நண்பரைக் கொண்டே அழிக்கச் செய்துவிட்டு, "உபயோகமா எதுனா பண்ணு" என்று சொல்லி என்னிடம் ஒப்படைத்தார். எது உபயோகம் என்று அவர் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை.

முதலில் படம் வரைந்தேன். மலையை வரைந்து, உள்ளே பழுப்பு நிறம் ஊற்றினேன். கோட்டில் எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்திருக்க வேண்டும். நிறம் வெளியே ஒழுகி வானம் முழுவதும் பழுப்பாகிவிட்டது. ஓட்டையைத் தேடும் பொறுமை எனக்கு இல்லை. அடுத்த நாள் எங்கள் தெருவுக்கு ஒரு செய்தித்தாள் தொடங்கினேன். மூன்றாவது வீட்டுப் பசு கன்று போட்டது, தெருக் குழாயில் நான்கு நாளாகத் தண்ணீர் இல்லை என்று இரண்டு செய்திகள். இரண்டும் தெருவுக்கே தெரிந்தவை என்பதால் இரண்டாம் இதழ் வரவில்லை. பிறகு வகுப்புப் பிள்ளைகளின் பிறந்த நாள் பட்டியல். ஏழு பேருக்கு மேல் யாருடையதும் தெரியவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் பத்து நிமிடம், வாசலில் பத்து நிமிடம், மறுபடி கம்ப்யூட்டர். "ஒரு எடத்துல குந்த மாட்டியா நீ" என்று அம்மா நாளுக்கு நாலு தடவை கேட்டாள்.

எங்கள் வீட்டில் ஓரிடத்தில் உட்காராத இன்னொருவரும் இருந்தார். அப்பாவின் தங்கை. அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பி.காம். முடித்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் தட்டச்சு ஹையர் பாஸ் செய்திருந்தார். அதற்குப் பிறகு செய்வதற்கு என்று அவருக்கு எதுவும் வைக்கப்படவில்லை. நான்கு முறை பெண் பார்க்க வந்து போயிருந்தார்கள். கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவுவார். மொட்டை மாடிக்குப் போவார். போன வேகத்தில் இறங்கி வருவார். அவரிடம் மட்டும் அம்மா எதுவும் கேட்கமாட்டாள்.

அத்தையின் கல்யாண பயோடேட்டாவை அழகாக அடித்துக் கொடுக்கச் சொல்லி அப்பா ஒருநாள் அவரையே உட்காரவைத்தார். மௌஸ் பிடிக்க நான் சொல்லிக் கொடுத்தேன். மேஜை விளிம்பு வந்ததும் அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அத்தை அதைக் கையில் தூக்கிவைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார். ஆனால் விசைப்பலகையில் கை வைத்ததும் எனக்கு வாயடைத்துவிட்டது. நான் ஓர் எழுத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அவர் ஒரு வரியை முடித்திருப்பார். பெயர், நட்சத்திரம், படிப்பு, உயரம் எல்லாம் மளமளவென்று விழுந்தன. பொழுதுபோக்கு என்ற இடத்தில் விரல்கள் நின்றுவிட்டன. அந்த இடத்தைக் காலியாக விட்டு எழுந்து போய்விட்டார். அப்பா அந்த இடத்தில் பேனாவால் 'சமையல், தையல்' என்று எழுதினார். அத்தைக்கு ஊசியில் நூல் கோக்கவும் வராது.

அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக்காரர், வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போக விடியற்காலை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டு வந்தார். பஸ் நிலையத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அத்தை என்னிடம், "போய் கேட்டுக்கினு வா பாப்பா" என்றார். நான் சைக்கிளில் போய்க் கேட்டு வந்து சொன்னேன். சாயங்காலம் பார்த்தால், கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக இருக்கிற பக்கத்தைத் திறந்து, ஊர், வழி, புறப்படும் நேரம், போய்ச் சேரும் நேரம் என்று தலைப்புப் போட்டு, வேலூர் பஸ்ஸை முதல் வரியில் ஏற்றியிருந்தார்.

"மத்த ஊருக்கும் கேட்டுக்கினு வர்றியா?"

அன்றிலிருந்து எனக்குக் கால் நிற்கவில்லை. காலையில் ஒருமுறை, வெயில் தாழ ஒருமுறை நோட்டும் பென்சிலுமாகப் பஸ் நிலையம் போவேன். நேரக் காப்பாளர் முதல் நாள் விரட்டினார். மூன்றாம் நாள் தன் பெரிய பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். விழுப்புரம், செஞ்சி வழி திண்டிவனம், அரூர் வழி சேலம், செங்கம் வழி ஓசூர், பெங்களூர். "எழுதிக்க. ஆனா பௌர்ணமி கிரிவலம் அன்னிக்கு இதுல எதுவும் செல்லாது" என்றார். அதையும் எழுதிக்கொண்டேன்.

வீட்டில் அத்தை காத்துக்கொண்டிருப்பார். நான் வாசிக்க வாசிக்க அடிப்பார். ஏற்றி முடித்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா வரிகளும் நேர வரிசைப்படி தாமாக மாறி நிற்கும். இன்னொன்றை அழுத்தினால் ஊர் வரிசை. அத்தை மாற்றி மாற்றி அழுத்திப் பார்ப்பார். தொலைதூரப் பஸ்களுக்கு நீலம், இரவுப் பஸ்களுக்குச் சாம்பல் என்று நிறம் கொடுத்தார். மின்சாரம் போனால் விசிறியைக்கூட எடுக்காமல் இருட்டுத் திரைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருப்பார். ஒரே இடத்தில், ஒரு மணி நேரம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

அட்டவணை தெருவில் பேர் வாங்கிவிட்டது. பால்காரர் ஒரு பிரதி வாங்கிப் போனார். சன்னதித் தெரு லாட்ஜ் ஒன்றின் மேனேஜர் வந்து, வரவேற்பறையில் ஒட்ட ஒன்று கேட்டார். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "இதாம்மா உபயோகம்ங்கறது" என்று, நாங்கள் இத்தனை நாள் மறுத்து வாதாடியதைப்போலச் சொன்னார். ஒரு பிரதியை மட்டும் அத்தை பழுப்புக் கவரில் வைத்து ஒட்டி என்னிடம் தந்து, தபால் பெட்டியில் போட்டுவரச் சொன்னார். கூடப் படித்த சிநேகிதிக்கு என்றார். போட்டுவிட்டு வந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரணியிலிருந்து ஐந்தாவது முறையாகப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே பயோடேட்டாவைப் பார்த்தவர், "தையல் எல்லாம் வருமாம்மா?" என்று கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை. உள்ளே ஓடி, புதிதாக அச்சடித்த அட்டவணையைக் கொண்டுவந்து நீட்டினேன். "அத்தை இதான் பண்ணுவாங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். சேலம் வண்டி ஒன்றில் ஐந்து நிமிடம் கம்மியாகப் போட்டிருக்கிறது என்று திருத்தினார். கூடம் முழுக்க அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் கீது. போற வண்டி அத்தினியும் கீது" என்றார். "திரும்பி வர்ற வண்டி ஒண்ணுகூட இல்லியேம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. எனக்கு முகம் எரிந்தது. நேரம் எழுதி வந்தவள் நான். ஊருக்குள் வருகிற பஸ்களைப் பற்றி ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லையே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவர்களுக்குப் பெண் பிடித்துவிட்டது. மறுநாளே சொல்லி அனுப்பினார்கள். அப்பா மாலை இனிப்புப் பொட்டலத்தோடு வந்தபோது, அத்தை ஒரு கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"ஓசூர்ல வேலை கெடைச்சிருக்குண்ணா. துணி கம்பெனில, ஆபீஸ் வேலை. லேடீஸ் ஆஸ்டல் இருக்கு."

"யாரக் கேட்டு எழுதிப் போட்ட?"

"பேப்பர் விளம்பரத்துல, கம்ப்யூட்டர் தெரியுமான்னு கேட்டிருந்தாங்க. அந்த டைம்டேபிளைத்தான் வச்சி அனுப்புனேன்."

அப்பா என்னைப் பார்த்தார். தபால் பெட்டி வரை அந்தக் கவரைச் சைக்கிளில் கொண்டுபோனவள் நான் என்பதை அப்போது நான் சொல்லவில்லை. பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. அப்பா கம்ப்யூட்டருக்கு உறை போட்டு, மேலே ஒரு போர்வையையும் போட்டார். ஒன்பது நாள் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. இடையில் ஆரணிக்காரர்கள் ஆள் அனுப்பி இரண்டு முறை கேட்டார்கள். பத்தாம் நாள் சோறு பரிமாறிக்கொண்டே அம்மா, "போவட்டும் விடுங்க. இத்தினி நாள்ல அவங்க ஒரு எடத்துல குந்திப் பாத்தது அந்த கம்ப்யூட்டர் முன்னாடிதான்" என்றாள். அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். மறுநாள் பரணிலிருந்து பெரிய பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தார்.

அத்தை கிளம்ப இன்னும் இரண்டு நாள் இருந்தது. செய்த தவறைச் சரிசெய்துவிட வேண்டும் என்று நேரக் காப்பாளரிடமும் ஓசூர் வண்டிக் கண்டக்டர்களிடமும் நின்று நின்று கேட்டு, ஓசூரிலிருந்து திருவண்ணாமலைக்கு வருகிற பஸ்களை எல்லாம் எழுதினேன். போர்வையை விலக்கி நானே அடித்தேன். என் வேகத்துக்கு ஒரு முழு மதியம் ஆனது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை எழுந்து போகாமல் முடித்திருந்தேன்.

பஸ் நிலையத்தில் அப்பா பெட்டியை மேலே ஏற்றிவிட்டுத் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அத்தையிடம் காகிதத்தைக் கொடுத்தேன். "திரும்பி வர்றதுக்கு, அத்தே. எதுவும் விடல."

அத்தை ஒவ்வொரு வரியாகப் படித்தார். ஓர் எழுத்துப் பிழையைத் தொட்டுக் காட்டினார். பிறகு நான்காக மடித்து, ஜன்னல் கம்பி வழியாக என் கையிலேயே திரும்ப வைத்தார்.

"நீயே வச்சிக்கோ பாப்பா. ஒருநாள் உனக்கு ஆவும்."

வண்டி கிளம்பிவிட்டது. இந்த ஊரிலேயே இருக்கிற எனக்கு, இந்த ஊருக்குத் திரும்பி வருகிற பஸ்ஸின் நேரம் எதற்கு ஆகும் என்று புரியவில்லை. போகிற அவசரத்தில் அத்தை ஏதோ மாற்றிச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.